மெருகூட்டிய ஹாம்

மெருகூட்டிய ஹாம் என்பது, உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றியின் பின்னந்தொடையை ஓவனில் சூடாக்கி, அதன் மேற்புறத்தில் சர்க்கரை, தேன், கடுகு விழுது முதலியவற்றால் ஆன பாகைப் பூசி, அது பளபளப்பான பழுப்பு நிறப் படலமாக மாறும்வரை வாட்டித் தயாரிக்கப்படும் உணவாகும். ஐக்கிய அமெரிக்காவில் ஈஸ்டர், கிறிஸ்துமஸ் ஆகிய பண்டிகை நாட்களில் குடும்பத்தினர் ஒன்றுகூடி உண்ணும் விருந்தின் முதன்மை உணவாக இது பரிமாறப்படுகின்றது. ஒரு தொடையின் பாதியே பத்துப் பேருக்குப் போதுமானதாக இருப்பதாலும், ஓவனில் வைத்தபின் சமைப்பவருக்கு அதிக வேலை இல்லாததாலும், மிஞ்சிய இறைச்சி அடுத்த சில நாட்களுக்குப் பயன்படுவதாலும் இது பெருங்குடும்ப விருந்துகளுக்கு ஏற்றதாகக் கருதப்படுகின்றது.

இதன் செய்முறை எளிமையானது. எனினும் கடைகளில் விற்கப்படும் ஹாம்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே முழுமையாகச் சமைக்கப்பட்டவை. சில அவ்வாறு சமைக்கப்படாதவை. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இளஞ்சிவப்பாக இருக்கக்கூடும். சமைத்த ஹாமைப் பச்சை இறைச்சி எனக் கருதி நெடுநேரம் வேகவிட்டால் அது உலர்ந்து நார்போல் ஆகிவிடும். சமைக்காததைச் சமைத்தது எனக் கருதி இலேசாகச் சூடாக்கிப் பரிமாறினால் விருந்துண்டவர்கள் நோயுறக்கூடும். எனவே பொதியின் மேலுள்ள விவரச் சீட்டைப் படித்து எவ்வகை ஹாம் என்று அறிந்துகொள்வதே இவ்வுணவைச் சமைப்பதில் முதற்படியாகும்.

பெயர்

ஹாம் என்னும் சொல் முழங்காலின் பின்புற வளைவைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து தோன்றியது. பின்னர் அது தொடையையும், இறுதியில் பதப்படுத்திய பன்றித் தொடையையும் குறிக்கலாயிற்று. பிரித்தானியாவில் பதப்படுத்தப்பட்டு இன்னும் சமைக்கப்படாத தொடையை 'கேமன்' என்றும், சமைக்கப்பட்டபின் அதனையே 'ஹாம்' என்றும் அழைப்பர். அமெரிக்காவில் இரண்டிற்கும் ஹாம் என்னும் ஒரே பெயர் வழங்குவதால், அங்கு வாங்குபவர் பெயரைக் கொண்டு இவ்வேறுபாட்டை அறிய முடிவதில்லை.

வரலாறு

பன்றித் தொடையை உப்பிட்டுப் பாதுகாக்கும் முறை மிகப் பழைமையானது. கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த உரோமரான கேட்டோ, வேளாண்மை குறித்து எழுதிய நூலில் தொடைகளை உப்பிட்டு, உலர்த்தி, புகையில் தொங்கவிடும் முறையை விளக்கியுள்ளார். அப்பீசியசின் பெயரால் வழங்கும் உரோமச் சமையல் தொகுப்பில், ஹாமை உலர்ந்த அத்திப்பழங்களுடனும் பிரிஞ்சி இலைகளுடனும் வேகவைத்து, தோலை உரித்து, மேற்புறத்தைக் கட்டங்கட்டமாகக் கீறி, அவற்றில் தேனை நிரப்பி, மாவால் மூடி வாட்டும் முறை ஒன்று காணப்படுகின்றது. கீறுதல், இனிப்புப் பூசுதல், வாட்டுதல் ஆகிய மூன்றும் இன்றைய மெருகூட்டிய ஹாமிலும் அவ்வாறே உள்ளன.

அமெரிக்கக் கண்டங்களில் வீட்டுப் பன்றிகள் இருந்ததில்லை. 1493ஆம் ஆண்டில் கொலம்பசு தமது இரண்டாவது பயணத்தில் பன்றிகளைக் கரிபியன் தீவுகளுக்குக் கொண்டு சென்றார். 1539ஆம் ஆண்டில் எசுப்பானியரான எர்னாண்டோ டி சோட்டோ புளோரிடாவில் இறங்கியபோது தம்முடன் பன்றிகளைக் கொண்டுவந்தார். பின்னர் வர்ஜீனியாவில் குடியேறிய ஆங்கிலேயரிடையே பன்றித் தொடையை உப்பிட்டுப் புகையூட்டும் தொழில் வளர்ந்தது. அம்மாநிலத்தின் சிமித்ஃபீல்டு ஊர் இதற்குப் பெயர்பெற்றது. அவ்வூரிலேயே பதப்படுத்தப்பட்டவற்றை மட்டுமே சிமித்ஃபீல்டு ஹாம் என அழைக்க வேண்டும் என 1926ஆம் ஆண்டில் வர்ஜீனியச் சட்டமன்றம் சட்டம் இயற்றியது. 1902ஆம் ஆண்டில் பதப்படுத்தப்பட்ட ஒரு ஹாம் அவ்வூரின் அருங்காட்சியகத்தில் இன்றும் வைக்கப்பட்டுள்ளது.

ஈஸ்டர் விருந்தில் ஹாம் இடம்பெற்றதற்குப் பருவகாலமே காரணமாகும். குளிர்சாதன வசதி இல்லாத காலத்தில் பன்றிகள் குளிர் தொடங்கும் வேளையில் வெட்டப்பட்டன. உடனே உண்ண முடியாத தொடைகள் உப்பிடப்பட்டுக் குளிர்காலம் முழுவதும் வைக்கப்பட்டன. அவை உண்பதற்கு ஏற்றவையாக ஆனபோது வசந்தகாலம் வந்துவிடும். ஈஸ்டரும் அப்பொழுதே வரும்.

20ஆம் நூற்றாண்டில் ஹாம் தொழிற்சாலைப் பண்டமாக மாறியது. 1925ஆம் ஆண்டில் அமெரிக்க வேளாண்மைத் துறை இறைச்சியைப் பதப்படுத்துவதில் சோடியம் நைத்திரைற்று பயன்படுத்துவதை அனுமதித்தது. இதன்மூலம் பல மாதங்கள் எடுத்த வேலை சில நாட்களில் முடியலாயிற்று. 1926ஆம் ஆண்டில் ஹார்மெல் நிறுவனம் தகரத்தில் அடைத்த ஹாமை அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஹாரி ஹோன்ஸ்லார் என்பவர் எலும்பைச் சுற்றி ஒரே தொடர்ச்சியான சுருளாக இறைச்சியை வெட்டும் பொறியை உருவாக்கி 1952ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். 1957ஆம் ஆண்டில் அவர் டிட்ராய்ட் பகுதியில் தொடங்கிய கடையே பின்னர் ஹனிபேக்டு ஹாம் நிறுவனமாக வளர்ந்தது. அன்னாசி வளையங்களையும் செர்ரிப் பழங்களையும் ஹாமின் மீது பதிக்கும் வழக்கம், அவாயிலிருந்து தகரத்தில் அடைத்த அன்னாசி பெருமளவில் வரத் தொடங்கியபின் பரவியதாகும்.

பதப்படுத்தலும் நிறமும்

தற்காலத்தில் பெரும்பாலான ஹாம்கள் ஈரப் பதப்படுத்தல் முறையில் தயாரிக்கப்படுகின்றன. உப்பு, சர்க்கரை, சோடியம் நைத்திரைற்று ஆகியவை கரைந்த உப்புநீர் ஊசிகள் மூலம் இறைச்சிக்குள் செலுத்தப்படுகின்றது. நைத்திரைற்றிலிருந்து உண்டாகும் நைத்திரிக் ஆக்சைடு, தசையிலுள்ள மயோகுளோபின் என்னும் நிறப்புரதத்துடன் சேர்கின்றது. சூடாக்கும்போது இச்சேர்மம் நிலையான இளஞ்சிவப்பு நிறத்தைப் பெறுகின்றது. சாதாரணப் பன்றி இறைச்சி வெந்ததும் சாம்பல் கலந்த பழுப்பு நிறமாக மாற, ஹாம் மட்டும் வெந்தபின்னும் இளஞ்சிவப்பாகவே இருப்பது இதனாலேயே. ஆதலால் ஹாம் வெந்ததா இல்லையா என்பதை அதன் நிறத்தைக் கொண்டு தீர்மானிக்க இயலாது. நைத்திரைற்று, கொடிய நச்சை உண்டாக்கும் குளொஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்னும் பாக்டீரியாவின் வளர்ச்சியையும் தடுக்கின்றது.

ஹாம் வகைகள்

அமெரிக்கக் கடைகளில் கிடைக்கும் ஹாம்களைப் பின்வருமாறு பிரிக்கலாம்.

- முழுமையாகச் சமைத்த ஹாம்: பொதியின் மேல் 'ஃபுல்லி குக்ட்' என்றோ 'ரெடி டு ஈட்' என்றோ எழுதப்பட்டிருக்கும். இதனைச் சூடாக்காமலும் உண்ணலாம். மெருகூட்டுவதற்கு மிகுதியாகப் பயன்படுவது இதுவே.
- சமைத்து உண்ண வேண்டிய ஹாம்: 'குக் பிஃபோர் ஈட்டிங்' என்று எழுதப்பட்டிருக்கும். இது பதப்படுத்தப்பட்டதாகவும் புகையூட்டப்பட்டதாகவும் இருப்பினும் முழுமையாக வேகாதது.
- பச்சை ஹாம்: பதப்படுத்தப்படாத பின்னந்தொடை. வெந்தபின் இளஞ்சிவப்பாக இராது.
- நாட்டுப்புற ஹாம்: உலர் உப்பிட்டு மாதக்கணக்கில் முதிரவைத்தது. உப்பு மிகுந்தது. சமைப்பதற்குமுன் நீரில் ஊறவைக்க வேண்டும். எளிய மெருகூட்டல் முறை இதற்கு அப்படியே பொருந்தாது.

இவற்றைத் தவிர, செலுத்தப்பட்ட நீரின் அளவைப் பொறுத்தும் அமெரிக்க விதிகள் ஹாமை வகைப்படுத்துகின்றன. கொழுப்பு நீங்கலான பகுதியில் புரதம் குறைந்தது 20.5 விழுக்காடு இருந்தால் மட்டுமே வெறும் 'ஹாம்' என எழுதலாம். 18.5 விழுக்காடு இருந்தால் 'இயற்கைச் சாறுகளுடன்' என்றும், 17 விழுக்காடு இருந்தால் 'நீர் சேர்க்கப்பட்டது' என்றும் குறிப்பிட வேண்டும். அதற்கும் குறைந்தவை 'ஹாமும் நீரும் கலந்த பொருள்' எனப்படும். நீர் மிகுந்தவை விலை குறைந்தவை. ஆயினும் ஓவனில் அந்நீர் வெளியேறி மெருகைக் கரைத்துவிடும்.

முழுத்தொடை ஏழு முதல் பத்துக் கிலோ வரை எடை கொண்டது. எனவே பெரும்பாலும் பாதித்தொடையே வாங்கப்படுகின்றது. கீழ்ப்பாதியில் ஒரே நேரான எலும்பு இருப்பதால் வெட்டுவது எளிது. மேற்பாதியில் இறைச்சி மிகுதி; ஆனால் இடுப்பெலும்பின் வளைவு இருப்பதால் வெட்டுவது கடினம். எலும்புள்ள ஹாமாயின் ஆளுக்கு ஏறத்தாழ 300 கிராம் என்றும், எலும்பு நீக்கியதாயின் 150 கிராம் என்றும் கணக்கிடலாம்.

தேவையான பொருட்கள்

பத்துப் பேருக்கான அளவு:

- எலும்புள்ள, முழுமையாகச் சமைத்த பாதி ஹாம் - 3 கிலோ
- பழுப்புச் சர்க்கரை - 200 கிராம்
- தேன் அல்லது மேப்பிள் பாகு - 4 மேசைக்கரண்டி
- கடுகு விழுது - 2 மேசைக்கரண்டி
- ஆப்பிள் வினிகர் - 1 மேசைக்கரண்டி
- கிராம்புத்தூள் - கால் தேக்கரண்டி
- முழுக் கிராம்பு - 30 அல்லது 40 (விரும்பினால்)
- நீர் அல்லது ஆப்பிள் சாறு - 2 குவளை

பழுப்புச் சர்க்கரைக்குப் பதிலாக வெல்லத்தூளையும், வினிகருக்குப் பதிலாகத் தோடம்பழச் சாறு அல்லது அன்னாசிச் சாற்றையும் பயன்படுத்தலாம். ஹாமிலேயே உப்பு மிகுதியாக இருப்பதால் மெருகில் உப்புச் சேர்க்கப்படுவதில்லை.

செய்முறை

உறைந்த ஹாமாயின் முதலில் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உறைநீக்க வேண்டும். இந்த அளவுள்ள ஹாமுக்கு ஏறத்தாழ இரண்டு நாட்கள் தேவைப்படலாம். சமையலறை மேசையில் வைத்து உறைநீக்குவது பாதுகாப்பானதன்று.

1. ஓவனை 163 பாகை செல்சியசுக்கு (325 பாகை பாரன்ஹீட்) முன்சூடாக்க வேண்டும். ஹாம் சமைப்பதற்கு இதற்குக் குறைந்த வெப்பநிலை பரிந்துரைக்கப்படுவதில்லை.

2. பொதியிலிருந்து ஹாமை எடுத்து எல்லா உறைகளையும் நீக்க வேண்டும். எலும்பின் நுனியை மூடியிருக்கும் சிறிய நெகிழி மூடி பலரால் கவனிக்கப்படாமல் ஓவனுக்குள் சென்றுவிடுவதுண்டு. அதனையும் அகற்ற வேண்டும்.

3. தடித்த தோல் இருந்தால் அதனை உரித்து, கீழுள்ள கொழுப்புப் படலம் ஏறத்தாழ அரை செண்டிமீட்டர் கனத்தில் இருக்குமாறு விட வேண்டும். கூரிய கத்தியால் கொழுப்பை மட்டும் இரண்டு செண்டிமீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறினால் சாய்சதுரக் கட்டங்கள் உண்டாகும். கத்தி இறைச்சிக்குள் ஆழமாகச் சென்றால் சாறு வெளியேறிவிடும். கட்டத்திற்கு ஒன்றாகக் கிராம்பைக் குத்தலாம். சுருளாக வெட்டப்பட்ட ஹாமைக் கீறத் தேவையில்லை.

4. வெட்டிய முகம் கீழே இருக்குமாறு ஆழமான ஓவன் தட்டில் வைத்து, தட்டில் நீர் அல்லது ஆப்பிள் சாறு ஊற்றி, அலுமினியத் தாளால் இறுக்கமாக மூட வேண்டும். மூடிய தாளுக்குள் உண்டாகும் ஆவி இறைச்சி உலராமல் காக்கும்.

5. முழுமையாகச் சமைத்த, எலும்புள்ள பாதி ஹாமுக்கு அரைக் கிலோவுக்கு 20 முதல் 26 நிமிடங்கள் தேவைப்படும். மூன்று கிலோவுக்கு இது இரண்டு முதல் இரண்டரை மணி நேரமாகும். மெருகூட்டும் நேரமும் இதனுள் அடங்கும். நேரத்தைவிட வெப்பமானியே நம்பத்தக்கது. இறைச்சி வெப்பமானியின் முனையை, எலும்பில் படாதவாறு மிகத் தடித்த பகுதியின் நடுவில் செருகிப் பார்க்க வேண்டும்.

6. இதற்கிடையில் பழுப்புச் சர்க்கரை, தேன், கடுகு விழுது, வினிகர், கிராம்புத்தூள் ஆகியவற்றைச் சிறு பாத்திரத்தில் இட்டு, குறைந்த தீயில் சர்க்கரை கரையும்வரை கிளற வேண்டும். கரண்டியின் பின்புறத்தில் ஒட்டும் பதம் போதுமானது.

7. உள்வெப்பநிலை ஏறத்தாழ 50 பாகை செல்சியசை அடைந்ததும் ஹாமை வெளியே எடுத்துத் தாளை நீக்கி, ஓவனை 200 பாகைக்கு (400 பாகை பாரன்ஹீட்) உயர்த்த வேண்டும். பாகில் பாதியைப் பூசி மூடாமல் 10 நிமிடங்களும், மீதியைப் பூசி மேலும் 10 முதல் 15 நிமிடங்களும் வாட்ட வேண்டும். இக்கடைசி நிமிடங்களில் ஓவனை விட்டு அகலாதிருப்பது நல்லது.

8. உள்வெப்பநிலை கீழ்க்காணும் அளவை எட்டியதை உறுதிசெய்து வெளியே எடுத்து, 15 நிமிடங்கள் ஆறவிட்டு வெட்ட வேண்டும்.

பாதுகாப்பான உள்வெப்பநிலை

அமெரிக்க வேளாண்மைத் துறை பரிந்துரைக்கும் அளவுகள் வருமாறு:

- அரசுக் கண்காணிப்புக்குட்பட்ட ஆலையில் சமைத்துப் பொதியப்பட்ட ஹாம்: 60 பாகை செல்சியஸ் (140 பாகை பாரன்ஹீட்)
- பொதி பிரித்து மறுபொதி செய்யப்பட்ட சமைத்த ஹாம், எஞ்சிய ஹாம்: 74 பாகை செல்சியஸ் (165 பாகை பாரன்ஹீட்)
- சமைத்து உண்ண வேண்டிய ஹாம், பச்சை ஹாம்: 63 பாகை செல்சியஸ் (145 பாகை பாரன்ஹீட்), அதன்பின் குறைந்தது மூன்று நிமிட ஓய்வு

பொதியில் எந்த விவரமும் இல்லாதபோது, ஹாமைச் சமைக்கப்படாதது எனக் கொள்வதே முறையாகும். அவ்வாறு கொள்வதால் இறைச்சி சற்றே உலரலாம். வேறு தீங்கு நேராது.

மெருகு உருவாகும் விதம்

மெருகின் நிறமும் மணமும் இரண்டு வேதிவினைகளால் உண்டாகின்றன. ஒன்று சர்க்கரை வெப்பத்தால் சிதைந்து பழுப்பாவது. மற்றொன்று சில வகைச் சர்க்கரைகளும் புரதங்களின் அமினோ அமிலங்களும் சேர்ந்து நிகழும் மெய்லார்டு வினை. 1912ஆம் ஆண்டில் இதனை விளக்கிய பிரெஞ்சு வேதியியலாளரான லூயி கமீல் மெய்லார்டின் பெயரால் இது அழைக்கப்படுகின்றது.

சாதாரணச் சர்க்கரையான சுக்குரோசு ஏறத்தாழ 160 பாகை செல்சியசில் பழுப்பாகத் தொடங்கும். தேனில் மிகுந்துள்ள புருக்டோசு ஏறத்தாழ 110 பாகையிலேயே அந்நிலையை அடையும். எனவே தேன் மிகுந்த மெருகு விரைவில் நிறம் பெறும். விரைவில் கருகியும் போகும். தொடக்கத்திலேயே பாகைப் பூசினால், ஹாமின் நடுப்பகுதி சூடாவதற்கு முன்பே மேற்புறம் கருகிக் கசப்பாகிவிடுவது இதனாலேயே. வினிகரும் கடுகும் இனிப்பின் திகட்டலைக் குறைத்து, இறைச்சியின் உப்புச் சுவையோடு அதனை இணைக்கின்றன.

வழமையான குறைகளும் காரணங்களும்

- இறைச்சி உலர்ந்துபோதல்: சமைத்த ஹாமை 60 பாகையைக் கடந்து நெடுநேரம் சூடாக்குதல், அல்லது மூடாமல் வைத்தல். சுருளாக வெட்டிய ஹாம் மிக விரைவில் உலரும்.
- மெருகு வழிந்துவிடுதல்: பாகு நீர்த்திருத்தல், கொழுப்பின் மேற்புறம் ஈரமாக இருத்தல். பூசுவதற்குமுன் துணியால் ஒற்றி எடுப்பது இதனைத் தவிர்க்கும்.
- மெருகு கருகுதல்: பாகை முன்கூட்டியே பூசுதல். இனிப்பு நீக்கமுடியாதபடி கருகியிருந்தால், மேற்படலத்தைச் சீவி எடுத்துவிட்டு உள்ளிறைச்சியைப் பரிமாறலாம்.
- நடுவில் குளிர்ந்திருத்தல்: குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த பெரிய ஹாமை அதிக வெப்பத்தில் அவசரமாகச் சூடாக்குதல், அல்லது முழுமையாக உறைநீங்காதிருத்தல்.

பரிமாறலும் எஞ்சியதைப் பாதுகாத்தலும்

ஹாம் எலும்புக்குச் செங்குத்தாக மெல்லிய துண்டுகளாக வெட்டப்பட்டு, பின்னர் எலும்பை ஒட்டிக் கத்தியைச் செலுத்திப் பிரிக்கப்படுகின்றது. மசித்த உருளைக்கிழங்கு, சீஸ் சேர்த்து வாட்டிய உருளைக்கிழங்கு, பச்சை பீன்ஸ், வற்றாளைக் கிழங்கு, ரொட்டிகள் ஆகியவை உடன் பரிமாறப்படுகின்றன.

பாக்டீரியாக்கள் விரைந்து பெருகும் 4 முதல் 60 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் ஹாம் இரண்டு மணி நேரத்திற்கு மேல் இருத்தலாகாது. விருந்து நாட்களில் உரையாடல் நீளும்போது மேசையிலேயே மறந்து விடப்படும் இறைச்சி உணவு நஞ்சாதலுக்கு ஒரு காரணமாகும். எஞ்சியதை எலும்பிலிருந்து பிரித்து ஆழமற்ற பாத்திரங்களில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மூன்று முதல் ஐந்து நாட்கள் வரை பயன்படுத்தலாம். உறையவைத்தால் ஓரிரு மாதங்கள் வரை சுவை குன்றாமல் இருக்கும். எலும்பைக் கொண்டு பட்டாணிப் பருப்புச் சூப்பும் அவரைச் சூப்பும் தயாரிக்கப்படுகின்றன.

பிற நாடுகளில்

சுவீடனில் கிறிஸ்துமஸ் ஹாம் 'யூல்ஷிங்கா' எனப்படும். வெந்த ஹாமின்மீது முட்டையும் கடுகும் கலந்து பூசி, ரொட்டித் தூளைத் தூவி வாட்டுவர். இங்கிலாந்தில் கேமனை முதலில் நீரில் வேகவைத்துப் பின்னர் மெருகூட்டுவது பெருவழக்கு. பிலிப்பைன்சில் கிறிஸ்துமஸ் நள்ளிரவு விருந்தில் அன்னாசிச் சாற்றில் சமைத்த ஹாம் இடம்பெறுகின்றது. கிறிஸ்துமஸ் கோடைகாலத்தில் வரும் ஆஸ்திரேலியாவில் ஹாம் பெரும்பாலும் குளிர்ந்த நிலையில் பரிமாறப்படுகின்றது. இலங்கையில் பறங்கியர் சமூகத்தினரின் நத்தார் விருந்திலும் ஹாம் உண்டு.

உடல்நலமும் சமய வழக்கமும்

ஹாமில் உப்பு மிகுதி. நூறு கிராம் ஹாமில் பொதுவாக ஒரு கிராமுக்கு மேற்பட்ட சோடியம் உள்ளது. உலக நலவாழ்வு அமைப்பு பரிந்துரைக்கும் நாளொன்றுக்கான உச்ச அளவு இரண்டு கிராமாகும். எனவே இரத்த அழுத்தமும் சிறுநீரக நோயும் உள்ளவர்கள் அளவாக உண்பது நல்லது. 2015ஆம் ஆண்டில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, ஹாம் உள்ளிட்ட பதப்படுத்திய இறைச்சிகளைப் புற்றுநோய் உண்டாக்குபவை என வகைப்படுத்தியது. நாள்தோறும் 50 கிராம் உண்பது பெருங்குடற் புற்றுநோய்க்கான வாய்ப்பை ஏறத்தாழ 18 விழுக்காடு உயர்த்துவதாக அது கணித்தது. இக்கணிப்பு அன்றாடம் உண்பதைப் பற்றியது. ஆண்டில் ஓரிரு முறை உண்ணும் பண்டிகை உணவைப் பற்றியதன்று.

இசுலாமும் யூத சமயமும் பன்றி இறைச்சியை விலக்குகின்றன. கிறித்தவர்களில் ஏழாம் நாள் அட்வெண்டிஸ்டுகளும் எத்தியோப்பிய மரபுவழித் திருச்சபையினரும் இதனை உண்பதில்லை. பல சமயத்தவர் கூடும் விருந்துகளில் ஹாமுடன் வேறொரு முதன்மை உணவும் தயாரிக்கப்படுவது வழக்கம். அவ்வேளைகளில் ஹாம் வெட்டும் கத்தி, பலகை, கரண்டி ஆகியவற்றைத் தனியாக வைப்பதும், ஹாமின் கொழுப்பில் சமைத்த காய்கறிகளை அவ்விருந்தினருக்கு முன்கூட்டியே தெரிவிப்பதும் விருந்தளிப்பவரின் பொறுப்பாகக் கருதப்படுகின்றது.